கை எடுத்த வெள்ளைப் பூ

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக எனக்கு ஒரு வழி வந்தது. போவதா, இருப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை. கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார் அண்ணன்.

அப்போதே எனக்குச் சந்தேகம். அண்ணன் பஜாரில் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் குடும்பமும் தோட்டத்தில் எனக்குக் கொடுத்த லயக் காம்பராவில்தான், அந்த ஒற்றை அறையில்தான் இருக்கிறது. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தவள் நான் ஒருத்திதான். நான் போனால் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள்.

வெள்ளை வந்தால் இருக்க வேண்டும். சிவப்பு வந்தால் போகலாம். அண்ணனே பூப் பறித்து, பேப்பரில் சுற்றி, சாமி முன்னால் இரண்டு பொட்டலம் வைத்தார். சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது வழக்கம். அன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். நானே கண்ணை மூடித் தடவி எடுத்தேன்.

வெள்ளை.

"சாமியே சொல்லிருச்சு. அப்புறம் என்ன?" என்றார்.

மற்றதையும் பிரித்தேன். அதுவும் வெள்ளையாக இருக்கும் என்று நினைத்தேன். சிவப்புதான். தடித்த காம்போடு இருந்தது; வெள்ளையில் காம்பு இல்லை.

"என்னையவே சந்தேகப்படுறியா? நீ போலீசுல இருக்க வேண்டியவ."

இரண்டு பூவையும் சாமி முன்னால் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவளோடு பேச்சு. கண் அவள் மேல், கை தன்பாட்டுக்கு எடுத்தது. முத்தின தண்டு விரலில் பட்டதும் கை அதை விட்டுவிட்டது. நான் விடச் சொல்லவில்லை.

அப்படியே நின்றேன். கோயிலிலும் இதுதான் நடந்திருக்கிறது. பேப்பருக்கு மேலேயே காம்பு விரலில் பட்டிருக்கும், கை அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்திருக்கும். கூடையில் முத்தல் விழுந்தால் கங்காணி கத்துவார். மலைக்கு வேலைக்கு வந்த நாள் முதல் அந்தக் கத்தல். அந்தப் பயம் எடுத்த பூ அது. சாமியும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

சாயங்காலம் சொன்னேன். "நான் போறேண்ணே."

"சாமி வெள்ளை குடுத்துச்சே?"

"சாமி குடுக்கல. கைதான் எடுத்துச்சு. அதுக்குத் தண்டுன்னா ஆகாது."

அண்ணி சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"அப்ப இப்ப பேசுறது யாரு? வாயா?"

காம்பரா போகுமே என்ற பயம்தான் உங்களைப் பேசவைக்கிறது என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. அவர் தடுக்கிறார் என்பதற்காகவே நான் போகிறேனோ என்று தோன்றியது.

ஆனாலும் போனேன். அண்ணி தோட்டத்தில் தன் பேரைப் பதிந்து காம்பராவைக் காப்பாற்றிக்கொண்டார். திரும்பி வந்து நானும் அங்கேதான் இருக்கிறேன். போக முடிவெடுத்தது நான்தானா என்று இன்னும் நம்பிக்கை வரவில்லை.

பூக்கட்டிப் பார்க்க யாராவது கூப்பிட்டால் போவேன். கையை மட்டும் கட்டிக்கொண்டு நிற்பேன்.