இன்னொருக்கா பாடுங்கோ

சென்னையை ஒட்டிய நூம்பலுக்குக் குடிவந்த முதல் வாரம், சாலையெல்லாம் பூவிதழ் சிதற, மேளம் காதைப் பிளக்க, ஆட்கள் ஆடிக்கொண்டு போனார்கள். "ஆருக்குக் கலியாணம்?" என்று எங்கள் ஃபிளாட் வாட்ச்மேனிடம் கேட்டேன். "கல்யாணம் இல்ல சார், சாவு" என்றார். யாழ்ப்பாணத்தில் சாவீட்டுக்குப் பறை உண்டு, ஆட்டம் இல்லை. தலை குனிந்து நடப்போம்.

ஊர்வலத்தின் முன்னால் டோலக் தட்டிப் பாடிப் போனவர் அம்பத்தூர் தாஸ். எழுபதை நெருங்கியவர். நாற்பது ஆண்டுகளாகத் தானே பாட்டுக் கட்டித் தானே பாடுகிறார். அவர் பாட்டில் செத்தவர் தெய்வமாவதில்லை. குடிகாரர் குடிகாரராகவே பாடையில் கிடப்பார். தாளம் முன்னால் ஓடும். குரலோ வர மனமில்லாதவரைப்போல் பின்னால் வரும். ஒப்பாரி கேட்டு வளர்ந்த எனக்கு, அழாமலே அழவைக்கும் அந்தக் குரல் புதிது. அவர் பாடுகிறார் என்று கேள்விப்பட்டால் முன்பின் தெரியாதவர் சாவுக்கும் போவேன். அப்படித்தான் பழகினோம்.

அவருடைய மகள் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் காலையில், அம்பத்தூருக்குப் பக்கத்துப் பாடி மேம்பாலத்தடியில் லாரி மோதி இறந்தவள். அன்றைக்கே கட்டிய பாட்டு ஒன்று இருக்கிறது:

டப்பா தொறந்து கீது, சோறு சூடா கீது,
துன்ன வேண்டிய நீ மட்டும் ஏம்மா
ஆறிப் போயி கீறே?

"வேற இன்னா செய்யத் தெரியும் எனக்கு?" என்றார் என்னிடம்.

ஏழு வருடமாக ஃபிளாட்டில் எனக்குப் பெயர் சிலோன்காரர். போலீஸ் பதிவு முடிந்ததா என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்டதில்லை. இந்தப் பொங்கல் விழாவுக்கு ஃபிளாட் சங்கச் செயலாளர், "ஃபோக் பாடுறவங்க யாராவது தெரியுமா சார்?" என்று கேட்டபோது மகிழ்ந்துபோய்த் தாஸைச் சொன்னேன்.

பொங்கலன்று நாலைந்து பாட்டுக்குப் பிறகு, யாரும் கேட்காமலே அவர் மகளின் பாட்டைத் தொடங்கினார். தாளம் வேகம். எல்லோரும் எழுந்து ஆடினார்கள். 'கீது' வரும்போதெல்லாம் சிரித்தார்கள். முடிந்ததும் செயலாளர் என் தோளில் கை போட்டார். "டப்பா பாட்டு சூப்பர் சார். நீங்க சொன்னா இன்னொரு தடவை பாடுவார்."

தோளில் அந்தக் கை இருந்தது. "அண்ணை, இன்னொருக்கா பாடுங்கோ" என்றேன்.

"தெரிஞ்சிகினே கேக்குறியா நைனா?"

ஆமென்று தலையாட்டினேன்.

பாடினார். இம்முறை வரி எல்லோருக்கும் பழகியிருந்தது. 'ஆறிப் போயி கீறே' என்று குதித்துக் குதித்துக் கூடவே பாடினார்கள். நானும் கை தட்டினேன். அவர் பொங்கல் சாப்பிடவில்லை. டோலக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டினார். இப்போது வழியில் கண்டால் என்னைத் தெரியாதவர்போல் கடந்து போகிறார்.

ஃபிளாட்டில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. லிஃப்டில் பார்க்கிறவர்கள் "இன்னா நைனா" என்று கேலியாகக் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே பதில் சொல்கிறேன். சென்ற ஞாயிறு யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா அழைத்தாள். எடுத்ததுமே, "இன்னாக்கா" என்றேன்.

 "ஆர் கதைக்கிறது?" என்று கேட்டாள்.