இடது பெடல்

மடை திறந்தாச்சு என்று யார் வந்து சொன்னாலும், கண்மாய்க்கே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரும் குடும்பம் எங்களுடையது. விமானப் பராமரிப்பு படிக்கப் போன இடத்துக்கும் அந்தச் சந்தேகம் என்னோடு வந்தது.

ராமநாதபுரத்தில் எங்கள் பயிற்சிக் கூடத்தில் பறக்காத பழைய விமானம் ஒன்று நின்றது. அதை இடம் வலமாகத் திருப்புவது வாலில் இருக்கும் ரடர் என்ற பலகை. விமானியின் காலடிப் பெடலிலிருந்து ரடருக்குக் கேபிள் இழுத்துக் கட்டுவது ஒருவன் என்றால், சோதிப்பது இன்னொருவனாக இருக்க வேண்டும் என்பது விதி. அன்று கட்டியவனும் சோதித்தவனும் தங்கச்சிமடத்துக்காரர்கள், கடலோரத்து மீனவ வீட்டுப் பிள்ளைகள். "எல்லாம் சரியா இருக்கு" என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். அவ்வளவு சீக்கிரம் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏறி உட்கார்ந்து இடது பெடலை மிதித்தேன்.

"திரும்புதா?"

"நல்லாத் திரும்புது" என்றான் வாலருகே நின்ற சோதித்தவன்.

"ஏலே, எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். வேற எங்கன போகும்?"

இடது பெடலை மிதித்தால் ரடர் இடதுபக்கம்தான் போக வேண்டும். உள்ளே கேபிள்களை இடம் மாற்றிக் கட்டியிருந்தார்கள். நாட்டுப்படகில் சுக்கானின் கைப்பிடியை இடதுபக்கம் தள்ளினால், நீருக்குள் அதன் பலகை வலதுபக்கம் போகும். சிறு வயதிலிருந்து அதையே பார்த்து வளர்ந்த இருவருக்கும் தப்பு தப்பாகவே தெரியவில்லை.

இப்போது வேலை பார்க்கும் இடத்தில், "ரெண்டு பேர் செக் பண்ணியாச்சு" என்று யாராவது சொன்னால், அந்த ரெண்டு பேரும் எந்த ஊர் என்றுதான் முதலில் கேட்கிறேன்.