லீவில் வந்தவர்

சுனாமிக்கு அடுத்த மழைக்காலத்தில், கடலோரம் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று சொன்ன ஒரே மனிதர் என் வீட்டுக்காரராகத்தான் இருப்பார். கோட்டக்குப்பத்தில் எங்கள் தெருக்காரர்கள் அப்போது காற்று வாங்கக்கூட கடற்கரைப் பக்கம் போவதில்லை. இவரோ மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் ரூம் போட்டுவிட்டு வந்து நின்றார். பஸ் ஏறினால் ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் ஊர். அதற்கு மூன்று பை துணி எடுத்து வைத்தேன்.

அவருக்குத் துபாயில் ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டரியில் வேலை. நாள் முழுக்க யார் யாரோ படுத்த பெட்ஷீட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அடுக்க வேண்டும். "ஒரு நாளாவது நாமளும் அந்த மாதிரி ஷீட்டுல படுக்கணும்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆனால் ரிசார்ட்டுக்கு உண்மையான காரணம் பெட்ஷீட் இல்லை, எங்கள் மகள்.

அவள் என் வயிற்றில் இருக்கும்போது விமானம் ஏறியவர், அவளுக்கு நான்காவது வயது நடக்கும்போதுதான் முதல் லீவில் வந்தார். நடுவில் வந்திருக்க வேண்டிய லீவை முதலாளி இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் மட்டும் வரும். மகள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைக் கிட்டவே விடமாட்டாள். அத்தா, அத்தா என்று தன் அப்பாவோடு மூச்சு விடாமல் பேசுவாள். அந்த அத்தா நேரில் வந்து வாசலில் இறங்கியதும் என் முந்தானைக்குள் புகுந்தவள்தான். வீட்டில் இருந்த போட்டோவில் அவருக்குத் தாடி கிடையாது. வந்தவருக்குத் தாடி இருந்தது, முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. பெரிய பெட்டியோடு விமானத்தில் வருகிற ஆண்களெல்லாம் அவளுக்கு மாமாக்கள். இவரையும் மாமா என்றாள்.

நானும் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒரு தடவை முதுகில் ஒன்று வைத்தும் பார்த்தேன். லீவு கரைந்து, ஒரு வாரம்தான் மிச்சம் என்றாகிவிட்டது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "நான் போறதுக்குள்ள என் மூஞ்சியப் பார்த்து ஒரே ஒரு தடவை 'அத்தா'ன்னு கூப்பிடட்டும். அது போதும்."

"அதுக்கு எதுக்குங்க ரிசார்ட்டு?"

"இந்த வீட்டுல ஓடி ஒளியறதுக்கு அவளுக்குப் பத்து மடி இருக்குது. அங்க நாம மூணு பேருதான். என்கிட்ட வந்துதானே ஆகணும்?"

"டிவியில புயல் சின்னம்னு சொல்றாங்க."

"அவங்க வாரா வாரம்தான் சொல்றாங்க. வர்றதெல்லாம் ஆந்திராவுக்குத்தானே போகுது?"

வாயைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று கிளம்பினேன். அத்தாவுக்கும் மகளுக்கும் நடுவில் தூது போய்ப் போய் எனக்கு அந்தக் கொஞ்ச நாளிலேயே போதும் போதும் என்றாகிவிட்டிருந்தது. அவர் கொடுத்த சாக்லேட்டை நான் வாங்கி அவளிடம் கொடுக்க வேண்டும். அவள் சொன்ன பதிலை நான் வாங்கி அவரிடம் கொடுக்க வேண்டும். பேசாமல் இரண்டு பேரையும் ஒரு அறையில் போட்டுப் பூட்டிவிட்டு எங்காவது போய்த் தூங்கினால் தேவலாம் என்றிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. சாலைக்கு ஒரு பக்கம் உப்பளம், பாத்தி முழுக்க மழைத் தண்ணீர். வரப்பு மேட்டில் உப்பைக் குவித்து ஓலையால் மூடி வைத்திருந்தார்கள். இன்னொரு பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் ரிசார்ட். எங்களைத் தவிர வேறு யாரும் தங்க வந்திருக்கவில்லை. மேனேஜர் சாவியைக் கொடுத்துவிட்டு, பாண்டிச்சேரியில் அவசர வேலை என்று சாயங்காலமே வண்டியைக் கிளப்பிவிட்டார். மிச்சம் இருந்தது வாச்மேனும் சமையல் செய்யும் அவருடைய மனைவியும்தான். வெயில்காலத்தில் எதிரே உப்பளத்தில் வேலை, மழைக்காலத்தில் இங்கே காவல் என்றார் வாச்மேன்.

என் வீட்டுக்காரர் அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, எதிரெதிரே கிடந்த இரண்டு கட்டில்களில் ஒன்றின் பெட்ஷீட் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "கஞ்சி பத்தல" என்றார். நான்கு மூலையையும் இழுத்துத் தட்டி, மறுபடி மடித்துச் செருகி, கோடு விழாமல் கையால் தேய்த்துவிட்டு, அதில் உட்கார மனசு வராமல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் தெம்பில்லை. மகள் என் இடுப்பை விட்டு இறங்குவதாகவே இல்லை. நான் பாத்ரூமுக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று அழுதாள். அறைக்குள் இருக்கிற 'மாமா'வோடு தனியாக நிற்க மாட்டாளாம்.

காலையில் கண் விழித்தபோது காற்று பிடித்துவிட்டிருந்தது. இந்தத் தடவை அது ஆந்திராவுக்குப் போகவில்லை. சாலையில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன, பஸ் எதுவும் ஓடவில்லை என்று வாச்மேன் வந்து சொன்னார். கரண்ட் போயிற்று. வாச்மேன் கையிலிருந்த செல்போனில் சிக்னலும் போயிற்று. கண்ணாடி உடையாமல் இருக்க ஜன்னல்களுக்கு வெளியே பலகை வைத்து ஆணி அடித்தார்கள். அதோடு பட்டப்பகலில் அறை இருட்டிவிட்டது. இருந்த மெழுகுவர்த்தியும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ந்துபோனது.

கதவுக்கு அடியில் தண்ணீர் வர ஆரம்பித்தது. பையில் இருந்த எங்கள் துணியெல்லாம் அடைக்கப் பத்தவில்லை. அவர்தான் கட்டிலிலிருந்து அந்த வெள்ளை ஷீட்டை உருவி, முறுக்கி, கதவடியில் திணித்தார். நனைந்ததும் எடுத்து வாளியில் பிழிந்துவிட்டுத் திரும்பத் திணித்தார். பிழிகிற அந்த முறுக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லீவிலும் இந்த மனிதருக்கு இதே வேலைதானா என்று மனசு கனத்தது.

புயல் என்றால் பயமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பயம் முதல் இரண்டு மணி நேரத்துக்குத்தான். அதற்குப் பிறகு அலுப்புதான். ஈரத் துணி வாடை, ஒரே மாதிரி ஊளையிடுகிற காற்று, கழுத்து வலி. கடல் சத்தம் கிட்டே வருகிறதா, அங்கேயேதான் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் தலை விண்விண் என்று தெறித்தது. தெரிந்த துவாவெல்லாம் ஓதி முடித்துவிட்டேன். வந்தால் வரட்டும், கொஞ்சம் சீக்கிரமாக வந்து தொலையட்டும் என்றுகூட ஒரு நேரம் தோன்றியது.

சாயங்காலத் தொழுகை நேரம் நெருங்கும்போது கூரைக்கு மேலே ஒரு மரம் சாய்ந்தது. அறையே குலுங்கிற்று. மகள் வீறிட்டாள். நான் எவ்வளவு அணைத்தும் அடங்கவில்லை. அவர் இருட்டில் தடவிக்கொண்டு வந்து, "வாம்மா, ஒண்ணுமில்ல" என்று தூக்கப் பார்த்தார். யாருடைய கை என்று தெரிந்ததும் அவள் காலால் உதைத்து, இன்னும் பெரிதாகக் கத்தினாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். எதிர்க் கட்டிலில் போய் உட்காருகிற சத்தம் கேட்டது. 

அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"ஹலோ... ஹலோ... யாரு பேசுறது?"

அழுகை சட்டென்று நின்றது.

"அத்தா?" என்றாள்.

"அத்தாதாண்டா கண்ணு. சாப்ட்டியா?"

"ரசம் சோறு சாப்ட்டேன். அத்தா, இங்க புயலு. மரமெல்லாம் உழுந்திடுச்சு. உங்க ஊர்லயும் புயலா?"

"இங்கயும்தாண்டா."

இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே, போய்த் தொட்டுப் பாருடி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"அம்மா, லாந்தர் கொண்டாந்திருக்கேன்மா. கதவைத் தொறங்க" என்றார் வாச்மேன்.

காலையிலிருந்து ஒரு துளி வெளிச்சத்துக்கு ஏங்கிக் கிடந்தவள் நான். ஆனாலும், "இப்ப வேணாம்ண்ணே, அப்புறமா குடுங்க" என்றேன். அவருடைய காலடிச் சத்தம் தண்ணீரில் சளக் சளக் என்று திரும்பிப் போயிற்று.

மகள் என் மடியிலிருந்து இறங்கிக் கட்டில் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள். போன் பேசும்போதும் அப்படித்தான், ரகசியம் பேசுவதற்கு என்னிடமிருந்து தள்ளிப் போய்விடுவாள்.

"அத்தா, இங்க ஒரு மாமா வந்திருக்காரு."

"அப்படியா?" என்றார் அவர். "எப்படிப்பட்ட மாமா?" என்று கேட்டார்.

"தாடி மாமா. சாக்லேட் குடுப்பாரு. ஆனா வீட்டுக்கே போக மாட்டேங்கிறாரு. அம்மா பக்கத்துல நான்தானே படுப்பேன்? அங்க அவரு படுத்துக்கிறாரு."

"உன்ன அடிச்சாரா?"

"இல்ல."

"திட்டினாரா?"

"இல்ல. சும்மா என்னையே பார்த்துக்கிட்டு இருக்காரு."

வெளியே ஏதோ ஒரு தகரம் இடைவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அழுகிறாரா என்று இருட்டில் தெரியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

"அத்தா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேண்டா."

"நீங்க வந்து அவரைப் போகச் சொல்லுங்க அத்தா."

"சொல்றேண்டா கண்ணு." வெள்ளிக்கிழமைக் குரல்தான், கொஞ்சமும் பிசகவில்லை. "அடுத்த வாரம் போயிடுவாரு."

"நெஜமா?"

"நெஜமா. அவரு போனதும் அத்தா உனக்கு போன் பண்றேன்."

"சரி, வச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் திரும்பி வந்து என் மடியில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டாள்.