சபையின் கருத்தும் என் கையெழுத்தும்

எங்கள் வாப்பா சேர்மனாக இருந்தபோது, ஊர்ப் பட்டின சபை நெற்காணி மசோதாவை ஏகமனதாக எதிர்த்தது என்று இன்றும் பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஏகமனது எங்கள் வீட்டு மண்டபத்தில், ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, ஆட்டிறைச்சிக் கறியோடு உண்டாக்கப்பட்டது. கதவுக்குப் பின்னால் நின்று பலர் சுற்றியிருந்து உண்ணும் சோற்றுச் சகன்களை எடுத்துக் கொடுத்தவள் நான். எனக்கு யாரும் கதை அளக்க வேண்டாம்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. வயலைப் பங்குக்குச் செய்கிறவனைக் காணிக்காரர் நினைத்த நேரத்தில் இறக்கிவிட முடியாதபடி கொழும்பில் ஒரு சட்டம் வரப்போவதாகப் பேச்சு. எங்கள் பக்கத்தில் பெரிய காணிக்காரர்களைப் போடியார் என்பார்கள். வாப்பா போடியார். சபை உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் போடியார்மார் அல்லது அவர்களின் மச்சான்மார். மசோதாவை ஒருவர்கூட வாசித்திருக்கவில்லை. நெசவுத் தெரு உறுப்பினர் ஒருவர் மட்டும் சோற்றில் கை வைக்காமல் இருந்தார்.

"எங்களுக்கு வயலுமில்ல வரம்புமில்ல, சேர்மன். நான் என்னத்துக்கு இதுக்குக் கை உசத்தணும்?"

"ஒங்கட தெருவுக்குக் கிறவல் போடச் சொல்லி மூணு வருசமாக் கேக்கிறீங்களே, வேணாமா?" என்றார் வாப்பா.

அவர் சோற்றைப் பிசைந்தபடி, "வேணும் சேர்மன்" என்றார். ஒரு சபை ஒரு சட்டத்தைப் பற்றி இப்படித்தான் கருத்துக் கொள்ளும்.

தீர்மானத்தை எழுத என்னைத்தான் கூப்பிட்டார். சபைக் கிளாக்கரின் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். நான் எட்டாம் வகுப்பு வரை படித்து, பெரியபிள்ளையானதும் வீட்டுக்குள் வைக்கப்பட்டவள். மண்டபத்திலிருந்து வாப்பா சொல்லச் சொல்ல, கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து எழுதினேன். 'ஏழை விவசாயிகளின் நன்மை கருதி இச்சபை இம்மசோதாவை எதிர்க்கிறது.' மறுநாள் கூட்டத்தில் அதை வாசித்து, கை உயர்த்தி, தேத்தண்ணீர் குடித்துக் கலைந்தார்களாம்.

அந்த ஏழை விவசாயியின் மனைவி அன்று எங்கள் குசினியில்தான் இறைச்சி கழுவிக்கொண்டிருந்தாள். மாவடிப்பள்ளிப் பக்கம் இருந்த எங்கள் வயலை அவள் புருசன் பதினைந்து வருடமாகப் பங்குக்குச் செய்து வந்தார். அவளை நான் மாமி என்பேன். இரண்டு நாள் கழித்து, உம்மா இல்லாத நேரம் பார்த்து வந்தாள்.

"மகள், சபை அந்தச் சட்டம் வேணாமெண்டு எழுதிட்டு. எங்களுக்கு அது வேணுமெண்டு ஒரு கடதாசி எழுதித் தாங்களன். வயல் போனா நாங்க எங்க போற?"

எழுதிக் கொடுத்தேன். அதில் வாப்பாவின் பெயரையும் வயலின் பெயரையும் போட்டு, எப்போது வேண்டுமானாலும் இறக்கிவிடுவார் என்ற பயத்தோடு விதைக்கிறோம் என்று எழுதினேன். மாமியின் புருசன் பெருவிரல் அடையாளம் வைத்துக் கொழும்புக்குத் தபாலில் போட்டார். மேலே போன கடதாசி மேலேயே இருக்கும் என்று நம்பிய மடைச்சி நான். யார்மேல் மனுவோ, அவரிடமே அறிக்கை கேட்டு அதைத் திருப்பி அனுப்புவதுதான் அரசாங்கத்தின் வழக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு மாதம் கழித்து அந்த மனு சேர்மனின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா என்னைக் கூப்பிட்டுத் தீர்மானத்தின் நகலையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"ரெண்டையும் எழுதினது நீ. இதுக்குப் பதிலையும் நீயே எழுது."

மனுதாரர் பங்குக்காரர் அல்லர், நாட்கூலிக்கு வந்து போகும் ஆள் என்று எழுதச் சொன்னார். பச்சைப் பொய். எழுத மாட்டேன் என்றேன்.

"எழுதாட்டி நாளைக்கே அவன வயலால இறக்குவன். பயிர் குடலையில நிக்கிது, இன்னும் கதிர் தள்ளல்ல. எழுதினா வெட்டிக்கிட்டுப் போகட்டும்."

எழுதினேன். ஒரு போகத்து நெல்லையாவது காப்பாற்றினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்கு வாப்பாவிடம் பயம். அவ்வளவுதான்.

சொன்னபடியே வெட்டவிட்டார். சூடடித்து நெல் தூற்றி முடிந்த கையோடு இறக்கினார். சட்டம் நிறைவேறி எங்கள் பக்கம் வருவதற்குள் எனக்குக் கலியாணமும் ஆனது. எங்கள் ஊரில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பார்கள். வாப்பா அவற்றோடு அந்த வயலையும் என் பெயருக்கு எழுதினார். வேறு வயல்கள் இல்லாமலில்லை. அதைத்தான் எழுதினார்.

சட்டம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு மாமி என்னைத் தேடி வந்தாள். அவள் புருசன் அப்போது கரைவலை இழுக்கப் போய்க்கொண்டிருந்தார்.

"மகள், அந்த வயல் இப்ப யார்ட பேர்ல இரிக்கி?"

"என்ட பேர்ல, மாமி."

அவள் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அல்ஹம்துலில்லாஹ்! இனி எங்களுக்குச் சட்டம் என்னத்துக்கு? நீங்களே தருவீங்கதானே."

"வீட்டுக்காரரிட்டக் கேட்டுச் சொல்றன்" என்றேன்.

ஓம் என்று தலையாட்டிவிட்டுச் சந்தோசமாகப் போனாள். நான் அவரிடம் கேட்கவேயில்லை.