மாங்காய்ப் பால் பட்ட உதடு

மாங்காய்க் காம்பை ஒடித்தால் பீறிடும் பாலின் நெடி மூக்கில் ஏறும். தோலில் பட்டால் கொப்புளம் போடும். நாகரசம்பட்டிப் பக்கம் எங்களுக்கு இருந்த சின்னத் தோப்பில் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்வது அதைத்தான்.

எனக்குப் பன்னிரண்டு வயது. பங்குனி மாதம். "பெங்களூரா" மாமரத்துக் கிளையில் தொங்கி ஆடினேன். ஒரு கூடைப் பிஞ்சு உதிர்ந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து மாமா வேலியில் நின்று சிரித்தார்.

"ரெண்டு வெய்யி மாப்ள, அப்பத்தான் கழுத அடங்கும்."

"அடிச்சா காய் திரும்பப் போயி ஒட்டிக்குமா?" என்றார் அப்பா. என்னைப் பார்த்து, "உதுத்தவ நீதான. பொறுக்கு" என்றார்.

பொறுக்கினேன். அவரே அரிவாள்மணையோடு எதிரில் வந்து உட்கார்ந்தார். நாலு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், இருவரும் அரிந்து, உப்புப் போட்டு, வத்தலுக்குக் காயவைத்தோம். என் கை எரிந்தது. அவர் கையும் எரிந்திருக்கும். அதிகம் பேசாத மனிதர், சின்ன வயதில் அதே மரத்தில் கிளையை முறித்துக்கொண்டு விழுந்த கதையை அப்போதுதான் சொன்னார். பிறகு நான் பிஞ்சு விட்ட மரத்தைத் தொட்டதில்லை.

ஆறு வயதுத் தம்பி நாலு நாளும் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அடுத்த வாரம் அப்பா போச்சம்பள்ளி சந்தைக்குக் கிளம்பினார். அம்மா களையெடுக்கப் போயிருந்தாள். "தம்பிய நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் தம்பி ஒரு கழியால் தாழ்ந்த கிளையை அடித்து உதிர்த்திருந்தான். பயம் இல்லை. சிரித்தான்.

"அக்கா, ஒக்காந்து அரியலாமா?"

அவன் கேட்டது என் காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை. பொறுப்பு என்னிடம் இருந்தது, அது மட்டுந்தான் தெரிந்தது. ஒரு பிஞ்சை எடுத்துக் காம்பை ஒடித்து அவன் வாயில் தேய்த்தேன். "இனிமே உதுப்பியா? உதுப்பியாடா?"

சாயங்காலம் உதடு வீங்கிப் புண்ணானது. அப்பா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். என்னை அடிக்கவில்லை. "காய உதுத்துட்டு என்னா சொன்னான் அவன்?" என்றார். சொன்னேன். அவர் எழுந்துபோய் அரிவாள்மணையை எடுத்து வந்தார். பிறகு உதிர்ந்த காய்களை அள்ளி வந்து வைத்து, "வாடா, அரியலாம்" என்று கூப்பிட்டார்.

தம்பி வரவில்லை. அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்தான்.

இப்போது இருவரும் ஓசூரில்தான் இருக்கிறோம். அவனுக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. கீழுதட்டு ஓரத்தில் கருப்புத் தழும்பு இருக்கிறது. ஒருமுறை கேட்டேவிட்டேன். "அதெல்லாம் ஞாபகமில்லக்கா" என்றான். கை மட்டும் உதட்டுக்குப் போய்வந்தது.

அப்பா இல்லை. தோப்பு பிளாட் ஆகிவிட்டது. வத்தல் கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறது. யாரும் எதிரெதிரே உட்கார்ந்து அரிய வேண்டியதில்லை.