எட்டு ஓட்டைக்கு ஒரு மின்னல்

மண்ணரையில் பனியன் துணி ஓட்டும் ஒரு கம்பெனியில் தீனதயாளன் மிஷின் ஆபரேட்டர். சித்திரை, வைகாசியில் காங்கேயத்துப் பக்கம் வானம் ஒரு தடவை பளிச்சிட்டால் போதும், கரண்ட் போய்விடும். இருபத்திரண்டு மிஷினும் ஒரே மூச்சில் நின்றுபோகும். ஜெனரேட்டரைத் தட்டி எழுப்பக் கால்மணி நேரம் ஆகும். மற்றவர்கள் டீக்கடைக்குச் சிதறுவார்கள். தீனதயாளன் மட்டும் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பான். பதினெட்டு வருடம் இப்படிப் பார்த்ததில் மின்னல் மேல் அவனுக்கு ஒரு பிடிமானம் வந்துவிட்டது. சிலருக்குச் சேவல் மேல் வருவதில்லையா, அதுபோல.

இரண்டாயிரத்து ஒன்றில் பொன்னுச்சாமியிடமிருந்து ஒரு பழைய ஃபிலிம் கேமராவை வாங்கினான். பொன்னுச்சாமி ஊத்துக்குளி ரோட்டில் ஸ்டுடியோவும், ஃபிலிம் கழுவிப் படம் போட்டுக் கொடுக்கும் லேபும் வைத்திருந்தவர். முதல் இரண்டு ரோலிலும் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

"மின்னலைக் கண்டு அமுக்குனீங்கன்னா அது போய்ச் சேர்ந்திருக்குமுங்க," என்றார் பொன்னுச்சாமி. "அது வர்றதுக்கு முன்னாலயே தொறந்து வெச்சுட்டு நில்லுங்க. வந்தா உள்ள உழுகும். வரலீன்னா மூடிட்டு அடுத்த படம்."

அதிலிருந்து அவன் பொறுமைக்காரனானான். மொட்டைமாடியில் முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஒயர் மாட்டிய பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டுக் கூரைக்கு அடியில் நின்று முப்பது எண்ணுவான். மழை தூரத்தில் இருக்கும்வரைதான் அனுமதி. முதல் தூறல் விழுந்ததும் கீழே வந்துவிட வேண்டும். இது அவன் மனைவி சண்முகப்பிரியா போட்ட சட்டம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் பத்து எண்ண முடியாவிட்டால் அவள் கீழேயிருந்தே குரல் கொடுப்பாள். "ஏனுங்க, ஊடு வந்து சேருங்க. உங்க கருமாதிக்கு வடை சுட எனக்கு நேரமில்ல."

இடையில் ஒரு சங்கடம் நடந்தது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா? இருட்டு வானம் வெறும் பழுப்புக் கண்ணாடியாகவும், மின்னல் அதில் ஒரு கறுப்பு நூலாகவும் விழும். படத்துக்கும் படத்துக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடமும் அதே பழுப்புக் கண்ணாடிதான். எது எங்கே முடிகிறது என்று தெரியாமல், நாலு நாலு படமாகத் துண்டு போடும்போது பொன்னுச்சாமி ஒரு நல்ல மின்னலை இடுப்போடு வெட்டிவிட்டார். தீனதயாளன் இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கடையிலேயே உட்கார்ந்திருந்தான். பொன்னுச்சாமிக்கே பொறுக்கவில்லை.

"இனிமே ரோல்ல முதல் படத்தை வெளிச்சத்துலயே எடுத்துருங்க. அதோட ஓரத்தைப் புடிச்சு மத்ததை அளந்துக்குவேன்."

அப்படித்தான் ஒவ்வொரு ரோலின் முதல் படத்திலும் சண்முகப்பிரியா வந்து சேர்ந்தாள். மேகம் திரளும் நேரத்தில் மாடியில் வேறு யார் இருப்பார்கள்? காயப்போட்ட துணியை எடுக்க அவள்தான் ஓடிவருவாள். "அம்மிணி, ஒரு நிமிசம்," என்பான். அவள் நிற்பாள். டிக். "ஆச்சு, போ."

நாலு வருடம் நின்றாள். இரண்டாயிரத்து ஐந்து வைகாசியில் ஒரு நாள் ஆல்பத்தைத் துடைக்க எடுத்தவள் பின்பக்கம் சொருகியிருந்த அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தாள். பதினாலு படம். பதினாலிலும் நைட்டி, தோளில் துண்டு, கையில் வாளி, பாதிக் கண் மூடியிருக்க ஒரு பார்வை. அன்று சாயங்காலம் கிழக்கே கறுத்ததும் அவன் கேமராவோடு கூப்பிட்டபோது அவள் வாளியைத் தரையில் வைத்தாள்.

"நிக்க மாட்டனுங்க."

"ஏன், என்னாச்சு?"

"ஊர்ல அவனவன் பொண்டாட்டியை அழகுக்குப் போட்டோ எடுக்கறான். நீங்க ஃபிலிம் வெட்டற அளவுக்கு எடுக்கறீங்க. நானென்ன இஞ்ச் டேப்பா?"

துணியை வாரிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. முதல் படம் எடுக்காமலே இருட்டுக்குக் காத்திருந்தான்.

பாருங்கள், அன்றைக்குத்தான் அது வந்தது. மணி ஏழு இருக்கும். வழக்கம்போல் கரண்ட் போய் ஊர் முழுக்க அணைந்து கிடந்தது. மூன்று படம் எடுத்துவிட்டு, நாலாவதுக்குப் பட்டனை அமுக்கிப் பதினேழு எண்ணியிருப்பான். காங்கேயத்துப் பக்கம் ஒரு மின்னல் நேராக இறங்கி, பாதி வழியில் மனசு மாறியதுபோல் இரண்டாகப் பிரிந்து, இரண்டு கையையும் விரித்து நின்றது. அவன் முப்பது வரை எண்ணி மூடினான். இன்னும் நாலைந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் தூறல் விழுந்ததும் கீழே வந்தான்.

மூன்று நாள் அந்த ஃபிலிம் அவன் சட்டைப்பையிலேயே கிடந்தது. ஷிப்டுக்குப் போகும்போதும் இருந்தது, வரும்போதும் இருந்தது. இப்படி ஒரு மின்னல் இனிமேல் வராது என்று அவனுக்குத் தெரியும். கத்தரி எங்கே விழும் என்பது மட்டும் தெரியாது.

"ஏனுங்க, அதைக் கழுவக் குடுக்கலீங்களா?" என்று கேட்டாள் சண்முகப்பிரியா.

முதல் படம் எடுக்காமல் விட்டதை அவன் சொன்னான். அவள் சாதம் போட்ட கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"நான் நிக்கலீன்னா, மாடியில இருக்கற தண்ணித்தொட்டியை எடுத்திருக்கலாமில்லீங்க?"

"தோணல."

"எம்மேல கோவம்னா தொட்டி என்னங்க பண்ணுச்சு?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஞாயித்துக்கிழமை நானும் வர்றன்."

ஞாயிற்றுக்கிழமை பொன்னுச்சாமி ஃபிலிமைக் கழுவி, உலர்த்தி, அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் நீளமாக விரித்தார். பழுப்புக் கண்ணாடியில் அங்கங்கே கறுப்பு நூல். நடுவில் அந்த ஒன்று, இரண்டு கையும் விரித்தபடி. தீனதயாளன் மேசைமேல் குனிந்தான்.

"வெட்டாமலே படம் போட முடியாதுங்களா?"

"மிஷின்ல உட்டா அதுக்குப் படத்தோட ஓரமே தெரியாதுங்க. துண்டாக்கிக் கையிலதான் வெச்சுப் போடோணும்." பொன்னுச்சாமி கத்தரியை எடுத்தார். "ஒரு குத்துமதிப்பா வெட்டறேன். சாமி உட்ட வழி."

"சித்த இருங்க," என்றாள் சண்முகப்பிரியா.

அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். ஆறு வருடமாகக் கோடு போட்ட பனியன்களைப் புரட்டிப் பார்த்தவள். பெரிய கோடு, சின்னக் கோடு, மறுபடி பெரிய கோடு என்று எத்தனை கோட்டுக்கு ஒருமுறை ஒரு வரிசை திரும்புகிறது என்று பார்க்காமல் அவளால் ஒரு துணியைத் தொடவே முடியாது. இப்போது மேசைமேல் குனிந்து ஃபிலிமின் ஓரத்து ஓட்டைகளை விரல் நகத்தால் எண்ண ஆரம்பித்தாள்.

ரோலில் இரண்டு படங்களில் மட்டும் மேகம் முழுக்க வெளிச்சமாகி நாலு ஓரமும் தெளிவாக விழுந்திருந்தன. ஒன்று அந்த மின்னலுக்கு முன்னால், ஒன்று பின்னால். முதல் படத்திலிருந்தே அளந்து பழகிய பொன்னுச்சாமி அவற்றைக் கவனிக்கவில்லை.

"இந்தப் படத்துக்கு ஓரத்துல எட்டு ஓட்டை. அந்தக் கடைசிப் படத்துக்கும் எட்டு. அப்ப எல்லாத்துக்கும் எட்டுத்தானுங்களே?"

பொன்னுச்சாமி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "இருவது வருசமா வெட்டறனுங்க, அம்மிணி. ஒருக்காகூட எண்ணிப் பாத்ததில்ல."

கைப்பையிலிருந்து அவள் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். பனியனில் ஓட்டை, கறை இருந்தால் அந்த இடத்தில் ஒட்டுவது. முன் படத்தின் ஓரத்திலிருந்து எட்டு எட்டாக எண்ணி, ஃபிலிமைத் தொடாமல், மேசைக் கண்ணாடியில் ஓர் அம்பு ஒட்டினாள். பிறகு பின் படத்திலிருந்து திரும்பி எண்ணிக்கொண்டு வந்தாள். விரல் வந்து அதே அம்பில் நின்றது.

"இன்னொருக்கா எண்ணு," என்றான் தீனதயாளன்.

"மொதல்ல நீங்க அக்கட்டால போங்க. நெழல் உழுகுது."

அவன் நகர்ந்து போய், சுவரில் தொங்கிய யாரோ ஒரு கல்யாண ஜோடியின் படத்தைப் பார்த்தபடி நின்றான். முதுகுக்குப் பின்னால் அவள் முணுமுணுப்பு கேட்டது. ஆறு, ஏழு, எட்டு. பிறகு, "இங்கீங்க." கத்தரி மூடும் சத்தம். "அடுத்து இங்க." மறுபடியும் அதே சத்தம்.

அவனால் திரும்ப முடியவில்லை.

"ஏனுங்க, தயாளு," என்றார் பொன்னுச்சாமி. "வந்து பாருங்க. ரெண்டு கையும் முழுசா இருக்குது."

சண்முகப்பிரியா அந்தத் துண்டை விளிம்பில் பிடித்து விளக்குக்கு நேராகத் தூக்கினாள். வலமிருந்து இடம், மேலிருந்து கீழ் என்று கம்பெனியில் பார்ப்பதுபோலவே பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டீ சொல்லட்டுங்களா?" என்றார் பொன்னுச்சாமி.

"சொல்லுங்க. அதுக்குள்ள மிச்சத்தையும் வெட்டிப்போடலாம்," என்று சொல்லிக்கொண்டே அவள் அடுத்த அம்பை உரித்தாள்.