நான் எழுதிய போரும் பக்கத்து வீட்டுச் சாவியும்

நான் எழுதியது ஒரே ஒரு நாவல். இன்னும் இருபது வருடம் கழித்து நடக்கப்போகிற மதப்போர். கடலில் போர்க்கப்பல்கள், வானத்தில் ஆளில்லா விமானங்கள், நாங்கள் குடியிருக்கும் மட்டாஞ்சேரிக்கு நடுவே முள்வேலி. இத்தனையும் எழுதிய வீரன் பட்டாளத்தைப் பார்த்தது குடியரசு தினத்தன்று டிவியில் மட்டும்தான். ஒரு கப்பல் ஏஜென்சியில் ஃபைல் தள்ளிக்கொண்டிருந்த குமாஸ்தா நான்.

எனக்குத் தெரியாததெல்லாம் பக்கத்து வீட்டு இக்காவுக்குத் தெரியும். எங்கள் பக்கம் வயதில் மூத்த முஸ்லிம்களை இக்கா என்றுதான் கூப்பிடுவோம். தோப்பும்படியில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்ப்பவர். சத்தமில்லாமல் படகு எப்படிக் கரை சேரும், எந்தப் பாலத்துக்கு அடியில் ஆழம் அதிகம் என்று சாயா குடித்துக்கொண்டே சொல்லித்தருவார். அந்தப் போரிலும் அதை நடத்தும் என் கமாண்டரிடமும் என்னைவிட அவருக்குத்தான் ஆர்வம். “எந்தா சாரே, நம்ம கமாண்டர் இன்னிக்கு எந்தப் பாலத்தைத் தகர்த்தான்?” என்று வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் அந்த வாரம் எழுதியதை ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டில் உட்கார்ந்து மலையாளத்தில் சொல்லிக்காட்டுவேன்.

எங்கள் வரிசை வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. நம் வீட்டின் இன்னொரு சாவி பக்கத்து வீட்டில் இருக்கும், அவர்களுடையது நம்மிடம். முப்பது வருடமாக எங்கள் சாவி இக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அவருடையது எங்கள் காலண்டர் ஆணியில். ஒருமுறை நாங்கள் பாலக்காடு போயிருந்தபோது, மழையில் எங்கள் வீட்டு ஓடு உடைந்து தண்ணீர் இறங்கியது. இக்காதான் திறந்து உள்ளே போய் என் காகிதக் கட்டுகளையெல்லாம் கட்டில்மேல் ஏற்றிவைத்தார். பாதி எழுதியிருந்த இந்த நாவலும் அதில் இருந்தது.

அந்த நாவலில் முதல் கொலைக்கு எனக்கு ஒரு வழி தேவைப்பட்டது. பூட்டிய வீட்டுக்குள் எதிரி எப்படி வருவான்? மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நாலாம் நாள் காலண்டரில் தேதி கிழிக்கும்போது கண்ணில் பட்டது சாவி. பக்கத்து வீட்டு எஞ்சின் மெக்கானிக், முப்பது வருடமாகத் தன்னிடம் இருந்த சாவியை எதிர்ப்படையிடம் எடுத்துக் கொடுக்கிறான். எழுதி முடித்துவிட்டு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இக்காவிடம் மட்டும், எதிரி கூரை ஓடுகளைப் பிரித்துக்கொண்டு இறங்கினான் என்று மாற்றிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “ஓடு பிரிச்சா சத்தம் கேக்குமே சாரே. ஈரச் சாக்கு விரிச்சு அதுமேல ஓட்டை வைக்கணும். அதையும் எழுதுங்க.” எழுதுகிறேன் என்றேன்.

புத்தகம் வந்ததும் கையெழுத்துப் போட்டு முதல் பிரதியை அவருக்கே கொடுத்தேன். அந்த வீட்டில் தமிழ் படிக்க யாருக்கும் தெரியாது என்ற தைரியம்தான், வேறென்ன. கண்ணாடி அலமாரியில் வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

இரண்டு வருடம் கழித்து அவர் மகனுக்குக் காயல்பட்டினத்தில் பெண் எடுத்தார்கள். அந்தக் கல்யாணத்தில் பிரியாணியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் படிக்க வரும் என்பது மட்டும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஓர் அத்தியாயமாக மாமனாருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

ஒருநாள் சாயங்காலம் இக்கா வந்தார். எப்போதும் விறுவிறுவென்று உள்ளே வருகிறவர், வாசலிலேயே நின்று எங்கள் சாவியை ஜன்னல் கட்டையில் வைத்தார்.

“சாரே, இது இங்கயே இருக்கட்டும்.”

“ஏன் இக்கா?”

“ஈரச் சாக்கு புத்தகத்துல காணலையே. மருமகளை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னேன்.”

“கதைதானே இக்கா...”

“கதைதான். படகு நான் சொன்னது, பாலம் நான் சொன்னது. அந்தச் சாவி சாருக்கு எங்கேருந்து கிட்டியது?”

பதறிப்போய்க் காலண்டர் ஆணியிலிருந்து அவருடைய சாவியை எடுத்து நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

“அது அங்கயே கிடக்கட்டும். எனக்குப் பயம் ஒண்ணும் இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் முகம் பார்த்தால் சிரிப்பார், சுகமா என்று கேட்பார். கமாண்டரைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் அதன்பின் எதுவும் எழுதவில்லை. மன்னிப்புக் கேட்க மூன்று முறை அவர் வாசல்வரை போய், மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். கோழை நான், வேறு எப்படிச் சொல்வது.

போன மாதம் அவர்கள் குடும்பத்தோடு காயல்பட்டினம் போனார்கள். கிளம்பும்போது இக்கா வழக்கம்போல் மதில் மேலாக, பூனைக்குச் சோறு வைக்கச் சொன்னார். நான் போய் அவர் சாவியால் அவர் வீட்டைத் திறந்தேன். சோறு வைத்துவிட்டுத் திரும்பும்போது கதவின் பின்பக்கத்தைப் பார்த்தேன். எங்கள் சாவி தொங்கிய ஆணி அப்படியே இருந்தது. அதில் அவர் வேறு எதையும் மாட்டவில்லை.